கடைசிக் காம்பராவைப் பார்த்த ரேடியோ

அறுபத்திரண்டாம் வருஷம் மாரியம்மன் திருவிழா நல்லபடியாக முடிந்தது. தேர் எந்த வளைவிலும் சாயவில்லை, மழையும் சாமி கோயிலுக்குத் திரும்பும்வரை பொறுத்துக்கொண்டது. வசூலித்த பணத்தில் கொஞ்சம் மிஞ்சியும் இருந்தது. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இப்படி நடந்ததே இல்லை. மற்ற வருஷங்களில் மேளக்காரருக்குக் கொடுக்கவே கடைசி நேரத்தில் ஓட வேண்டியிருக்கும்.

மிஞ்சிய பணத்தை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மூன்று லயங்களும் பங்கு போட்டுக்கொண்டன. சாமி காசை யாரும் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். அது எல்லோருக்கும் ஆகிற ஒரு காரியத்துக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், மேட்டு லயத்தில் காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, ஒன்றாக இருந்த பத்துக் குடும்பமும் வாசலில் கூடியது. ஒருவர் பெரிய அண்டா வாங்கலாம் என்றார், இன்னொருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கு என்றார்.

"அண்டாவ வாங்கி வருஷத்துக்கு ஒருநா பொங்கி, மிச்ச நாளெல்லாம் கவுத்து வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டாள் பேச்சியம்மா. நடுக் காம்பராவில் இருப்பவள், கொழுந்து பறிப்பதிலும் பேச்சிலும் லயத்தில் முதல் ஆள். "ஒரு ரேடியோ வாங்குவோம். பாட்டுக் கேக்கலாம், நூஸ் கேக்கலாம். நம்மள இந்தியாவுக்கு நாடு கடத்துறாங்களா வச்சுக்கிறாங்களான்னு ஊரெல்லாம் பேசுறாங்க, நாமளும் தெரிஞ்சுக்குவோம்ல."

ரேடியோ என்றதும் எல்லோர் முகமும் மலர்ந்தது. லயத்தில் மின்சாரம் கிடையாது. ஆனால் பெட்டரியில் ஓடும் ரேடியோக்கள் அட்டன் டவுனில் வந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். யார் போய்ப் பார்த்து வாங்குவது என்ற பேச்சு வந்தபோது பேச்சியம்மா யோசிக்கவே இல்லை.

"வீரய்யாண்ணன் போகட்டும்."

"ஆமா, அண்ணனே போகட்டும்" என்று பத்துக் குடும்பமும் ஒரே குரலில் சொன்னது.

குழாயடியில் யார் முதலில் என்பதைக்கூட அரை நாள் சண்டை போட்டுத் தீர்க்கிறவர்கள் இதற்கு மட்டும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனது வீரய்யாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தான் மெஷின் ஆள் என்பதால் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். தோட்டத்து ஃபாக்டரியான தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் ரோலருக்குப் பக்கத்தில் இருபது வருஷமாக நிற்கிறவர் அவர். மெஷினில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று கையை வைத்தே சொல்லிவிடுவார். பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பயம்தான் வந்தது.

வீரய்யாவுக்குக் காது கேட்பதில்லை.

ஒரேயடியாகக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. இடது காது போய்விட்டது. வலது காதில் பேச்செல்லாம் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல வரும். அந்த ரோலர்களும், அவற்றை இழுக்கும் பெல்ட்டும் இருபது வருஷமாக இரைந்து இரைந்து தின்றது போக மிஞ்சியது அவ்வளவுதான். திருவிழாவில் தவில் அவருக்கு நெஞ்சில் வந்து இடித்தது. நாதஸ்வரக்காரரின் கன்னம் மட்டும் உப்பி உப்பி அடங்கியது. அம்மன் முன்னால் நின்றுகொண்டு, கேட்காத நாதஸ்வரத்துக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவுக்குத் தெரிந்தால் ஸ்டோரை விட்டு மலைக்கு அனுப்பிவிடுவார், இந்த வயதில் புல்லு வெட்ட வேண்டிவரும் என்ற பயம். அதைவிடப் பெரியது வெட்கம். பேசுகிறவரின் உதட்டைப் பார்ப்பார். எப்போதும் ஆளின் இடப்பக்கமாக நடந்து, வலது காதைக் கொடுப்பார். புரியாவிட்டால் சிரிப்பார். அவர் மனைவி ராசம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். லயத்துக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்துவிட்டதாக அவர் நம்பினார்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் விபூதி பூசிக்கொண்டு நின்றார். "தாயே, என் காதக் குடுன்னு கேக்கல. ஒன் காசு, பத்து வீட்டுக் காசு. அது என்னால வீணாப் போயிடக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ராசம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேற ஆளப் போகச் சொல்லுங்கன்னு சொல்றதுதானே?"

"ஏன்னு கேப்பாங்கல்ல?"

ராசம்மா இடியப்பத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். "அப்ப மூக்கனக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று அவர் வலது காதுப்பக்கம் குனிந்து, லயமே அதிரும்படி சொன்னாள்.

மூக்கன் பக்கத்துக் காம்பரா. ஸ்டோரில் மேல்மாடியில் கொழுந்து வாடப் போட்டுக்கொண்டிருந்தவனை மூன்று வருஷத்துக்கு முன் டீமேக்கர் ஐயா கீழே இறக்கி, வீரய்யாவுக்கு அடுத்த ரோலரில் நிறுத்தியிருந்தார். வேலைக்காரன்தான், ஆனால் விளையாட்டுப் புத்தி. வீரய்யா குனிந்து வேலையில் இருக்கும்போது உருட்டின கொழுந்தைப் பிடி அள்ளி முதுகில் எறிவான். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவன்போல நிற்பான். "ஒனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்குடா" என்று வீரய்யா திட்டுவார். அடுத்த நாளும் எறிவான்.

மறு ஞாயிறு இருவரும் அட்டனுக்குப் புறப்பட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் வீரய்யா வழக்கம்போல இடப்பக்கத்து இடத்தைப் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் மூக்கன் உள்ளே போய், அவருக்கு அந்த இடத்தை விட்டுவிட்டே உட்கார்ந்திருந்தான். பயல் இன்றைக்கு மரியாதையாக இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, ரேடியோ வாங்குனா மொத நாளே பேச்சியம்மாக்கா சத்தத்துக்கும் ரேடியோ சத்தத்துக்கும் போட்டி வச்சிரணும்" என்றான் மூக்கன், அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி.

"ரேடியோ தோத்துரும்டா."

"அதான், நல்லதாப் பாத்து எடுக்கணும்."

இப்றாஹிம் நானாவின் கடை ஸ்டேஷன் போகும் வழியில் இருந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பக்கம் குடை, டார்ச் லைட், மணிக்கூடு. உள்ளே கண்ணாடி அலமாரியில் ரேடியோக்கள். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டே எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க. எந்தத் தோட்டம்? ரேடியோவா? வீட்டுக்கா?"

"லயத்துக்கு நானா, சாமி காசு" என்றான் மூக்கன். கையிலிருந்த தொகையையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

"நல்லதாப் போச்சு. மொதல்ல பாருங்க, பொறகு வெலயப் பேசுவம்" என்று மூன்றை எடுத்து மேசையில் வைத்தார் நானா.

ஒன்று பெரிய மரப்பெட்டி. முகப்பில் தங்க நிறத்துணி, நான்கு வெள்ளைக் குமிழ்கள். இன்னொன்று உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, தோல் உறைக்குள் சிவப்பு நிறத்தில் அழகாக இருந்தது. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், ஒரு பிஸ்கட் டின் அளவுக்கு. மேலே கைப்பிடி, முன்னால் வட்டமாக வாய். பார்வைக்கு அது சுமார்தான்.

நானா சிறியதை முதலில் திருகினார். மூக்கனின் முகத்தில் சிரிப்பு பரவியது, தலை அசைந்தது. வீரய்யாவின் காதுக்குள் ஒரு கொசு நுழைந்ததுபோல இருந்தது. அவரும் தலையை அசைத்தார்.

"எப்புடி?"

"நல்லாருக்கு" என்றார் வீரய்யா.

பெரியதைத் திருகினார். பெட்டிக்குள் ஓர் ஆண்குரல் கனமாகப் பேசியது, வார்த்தைகூடப் பாதி விளங்கியது. வீரய்யாவுக்கு அப்படியே அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "இதுவும் நல்லாருக்கு" என்றார், ஆசையை மறைத்துக்கொண்டு.

"நல்ல சாமான்தான். ஆனா இதுக்குக் கார் பெட்டரி வேணும். அது எறங்கினா சுமந்துட்டு இங்கதான் வரணும், சார்ஜ் ஏத்த. ஒங்கட காசுக்கும் கொஞ்சம் மேல" என்றார் நானா.

நடுவிலிருந்ததைத் திருகினார். ஏதோ வந்தது. பாட்டா பேச்சா என்று வீரய்யாவுக்குப் பிடிபடவில்லை. அவர் நானாவின் முகத்தைப் பார்த்தார், மூக்கனின் முகத்தைப் பார்த்தார், அவர்களுக்கு இசைவாகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார்.

"இதுவும் நல்லாருக்கு."

நானா கையைக் குமிழிலிருந்து எடுக்காமல் அவரையே பார்த்தார். ரேடியோவில் அப்போது விலைவாசி அறிவித்துக்கொண்டிருந்தார்கள். வீரய்யா பாட்டுக்கு ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, வெத்தல வாங்கியாந்துர்றேன். அண்ணன் பாக்கட்டும், அவர் சொல்றதுதான்" என்று மூக்கன் வெளியே போய்விட்டான். நேரம் காலம் இல்லாமல் இவனுக்கு வெற்றிலை என்று வீரய்யாவுக்கு எரிச்சலாக வந்தது.

நானா ரேடியோவை நிறுத்தினார். ஒரு ஸ்டூலை இழுத்து, வீரய்யாவின் வலப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவர் சரியாக வலப்பக்கம் வந்ததே வீரய்யாவுக்குத் திக்கென்றது.

"எங்கட உம்மாவும் இப்புடித்தான் தலயாட்டுவாங்க. சாரா உம்மான்னா இந்தத் தெருவுக்கே தெரியும். நாங்க சிரிச்சா அவங்களும் சிரிப்பாங்க. கடசிக் காலத்துல ஒருநாள் சொன்னாங்க, மகன், கேக்காதது ஒரு கஷ்டம், கேக்குறாப்புல இருக்கிறது ரெண்டு கஷ்டம்னு" என்றார் நானா, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

வீரய்யா மேசை விளிம்பைத் தடவினார். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் எதிரிலிருந்த முகத்தில் கேலியும் இல்லை, பாவம் பார்க்கிற பார்வையும் இல்லை.

"எடது காது சுத்தமா இல்லீங்க நானா. வலதும் பாதிதான். லயத்துல தெரியாது. என்னையப் போயி நம்பி அனுப்பி வச்சிருக்காங்க."

சொன்ன பிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை. தெருவில் ஒரு லொறி போயிற்று. நானா தாடியைச் சொறிந்தார்.

"அப்ப நீங்கதான் சரியான ஆள்" என்றார்.

"வெளயாடுறீங்களா நானா?"

"இல்ல. ஒங்கட லயத்துல காம்பராவுக்குக் காம்பரா செவரு கூர வரைக்கும் இருக்கா?"

"ஏது, ஆள் ஒசரத்துக்குக் கொஞ்சம் மேல. அதுக்கு மேல தொறந்துதான் கெடக்கும், இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும்."

"அப்ப நடுக் காம்பரா செவத்து மேல வச்சா பத்துக் காம்பராவுக்கும் போவும். எது போவும்னு பாக்கணும், அம்புட்டுதான். சின்னது அழகா இருக்கு, ஆனா தகரத்துல மழ விழுந்தா அது செத்துரும். இந்தாங்க, இதப் பாப்பம்."

நடுவிலிருந்த ரேடியோவை எடுத்துக் கடை வாசலில், தெருவைப் பார்க்க வைத்தார். குமிழை மெல்ல நகர்த்தித் தேடினார். எங்கோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கூட்டினார்.

"நடங்க. எங்க கேக்காமப் போவுதோ அங்க நில்லுங்க."

வீரய்யா படியிறங்கி நடந்தார். முதலில் வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது. வலது காதைத் திருப்பிக்கொண்டு நின்றபோது அதற்குள்ளிருந்து மெல்லிய இழைபோல ஒன்று பிரிந்து வந்தது. நாதஸ்வரம். திருவிழாவில் வராதது. அது தேய்ந்து தேய்ந்து, ரொட்டிக் கடை வாசலில் போய் அறுந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். நானா கடை வாசலிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். தெருவில் போனவர்கள் இந்த இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வீரய்யாவுக்கு அது பெரிதாகப் படவில்லை.

"ஒங்களுக்கு அங்க வரைக்கும் கேட்டா, மத்தவங்களுக்கு ஒங்கட ஸ்டோர் வரைக்கும் கேக்கும்" என்றார் நானா, அவர் திரும்பி வந்ததும். "டார்ச் பெட்டரிதான் போடணும். சொமக்கிற வேல இல்ல."

விலை கையிலிருந்ததற்குள் வந்தது. முதல் பெட்டரிகளுக்கு நானா காசு வாங்க மறுத்துவிட்டார். "சாமி காசுன்னீங்க. எந்தப் பேரச் சொன்னா என்ன, எனக்கும் அதுல பங்கு இருக்கட்டும்" என்றார். தகரத்துக்கு வெளியே இழுத்துக் கட்ட ஒரு கம்பிச் சுருளும் கொடுத்து, தபால் கந்தோரில் லைசென்ஸ் எடுக்க மறக்கவேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

மூக்கன் வெற்றிலையோடு எதிர்க்கடைத் திண்டில் உட்கார்ந்திருந்தான். எத்தனை நேரமாக அங்கே இருந்தான் என்று வீரய்யா கேட்கவில்லை.

அவர்கள் தோட்டத்துக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. மேட்டு லயம் முழுவதும் வாசலில் நின்றது. ரேடியோவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பேச்சியம்மாவின் காம்பராவில் சுவரின் மேல் ஏற்றினார்கள். கம்பியைத் தகரத்துக்கு வெளியே இழுத்தான் மூக்கன். பிறகு மூக்கனைத் தவிர எல்லோரும் தங்கள் தங்கள் காம்பராவுக்குப் போனார்கள், கேட்கிறதா என்று பார்க்க. வீரய்யாவின் காம்பரா கடைசி. அவர் கட்டிலில் உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டார். ராசம்மா அடுப்பை ஊதாமல் நின்றாள்.

சுவரின் மேல்வழியாகப் பேச்சியம்மாவின் குரல் வந்தது, கொழுந்து மலையில் எதிர் மலைக்குக் கூப்பிடும் அதே குரல்.

"வீரய்யாண்ணே, கேக்குதா?"

ஏன் தன்னை மட்டும் கேட்கிறாள்? வீரய்யா வலது காதைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். காதில் ஏதோ முனகல், அவ்வளவுதான். கேட்கிறது என்று சொல்லிவிடலாம். இத்தனை வருஷம் சொன்னதுதானே. இப்றாஹிம் நானாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"சரியாக் கேக்கல தங்கச்சி" என்றார்.

"பொறுங்க, அது மூஞ்சி அந்தாண்ட பாத்துக்கிட்டு இருக்கு. மூக்கா, திருப்புடா இந்தப் பக்கம். இன்னும் திருப்பு."

அடுத்த நொடி ஒரு பெண் பாடுகிற குரல் தகரத்தின் அடியில் தவழ்ந்து, நாலைந்து சுவர்களின் மேலாக வந்து, கடைசிக் காம்பராவில் இறங்கியது. சொற்கள் எல்லாம் விளங்கவில்லை. ஆனால் பாட்டு பாட்டாக இருந்தது.

"கேக்குது" என்றார் வீரய்யா. அது நடுக் காம்பரா வரை எட்டவில்லை. ராசம்மாதான் சத்தமாகச் சொன்னாள். "கேக்குதாம்."

லயம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. "அண்ணனுக்குக் கேட்டாச்சுல்ல, அப்ப நம்ம எல்லாத்துக்கும் கேக்கும்" என்றது ஒரு குரல். "அதுக்குத்தானே அவர அனுப்புனது" என்றாள் பேச்சியம்மா.

வீரய்யா மனைவியைப் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? மேல பாருங்க" என்றாள் ராசம்மா. அவர் நிமிர்ந்து பார்த்தார். சுவர் முடிந்த இடத்திலிருந்து தகரம் வரை வெறும் இருட்டும் புகையும். "சோறு போடவான்னு நான் ஒருக்கா கேட்டா நீங்க பதில் சொல்றதுக்குள்ள போடு மதினின்னு மூணு காம்பராவுலருந்து சொல்றாங்க. இத்தன வருசமா எந்தக் காதுலங்க மறைச்சீங்க?"

அவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போனது. பத்துக் குடும்பமும் பல வருஷமாகத் தன் முகத்துக்கு நேரே திரும்பித் திரும்பிப் பேசியதை நினைத்தார். பஸ்ஸில் விட்டுவைத்திருந்த இடத்தை நினைத்தார். யாரும் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அம்மனிடம் காதைக் கேட்காதது நல்லதாகப் போயிற்று, அவள் முன்பே ஒரு லயத்துக் காதுகளையே கொடுத்து வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. ராசம்மா பிட்டு அவித்தாள். அன்று அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து பேச்சியம்மா ரேடியோவைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அதன் முகம் கடைசிக் காம்பராவைப் பார்க்கத்தான் வைத்தாள்.

திங்கட்கிழமை ஸ்டோரில் வீரய்யா ரோலருக்குக் கீழே குனிந்து கொழுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். முதுகில் ஈரமாக ஒரு பிடி வந்து விழுந்தது. திட்டுவதற்கு நிமிர்ந்தார். மேலே பெல்ட் தளர்ந்து நின்றுகொண்டிருந்தது, எல்லோரும் மெஷினைவிட்டு விலகியிருந்தார்கள். பெல்ட் ஓடப் போகிறது, விலகுங்கள் என்று அடிக்கிற மணி அடித்திருக்கிறது. அவர் கதவுப்பக்கம் தொங்கிய மணியைப் பார்த்தார், தோளில் ஒட்டியிருந்த கொழுந்தைப் பார்த்தார், மூக்கனைப் பார்த்தார்.

மூன்று வருஷத்தில் அவன் எறிந்த அத்தனை பிடியும் ஒன்றாக நினைவுக்கு வந்தது. மணியடிக்காத நேரத்தில் ஒன்றுகூட விழுந்ததில்லை.

"டேய்" என்றார் மெதுவாக. "டீமேக்கர் ஐயாவுக்குத் தெரிஞ்சா?"

மூக்கன் கிட்டே வந்து, முகத்துக்கு நேராக நின்றான். "அவர்தான் என்னைய மாடியிலருந்து எறக்கி இங்க நிப்பாட்டுனாரு. எதுக்குன்னு நெனச்சீங்க? என் அழகுக்கா?"

வீரய்யா தோளில் இருந்த கொழுந்தை வழித்துத் திரும்பத் தொட்டியில் போட்டார். அதில் ஒரு இலைகூடக் கீழே சிந்தவில்லை.

"என்னண்ணே, இன்னிக்குத் திட்டலையா?" என்று கேட்டான் மூக்கன். அவனுக்கு அது என்னவோபோல் இருந்தது.

"ஒனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்குடா" என்றார் வீரய்யா. பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கியது.